மாற்றி எழுதிய முகவரி

ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு மத்தியானம் சரவணம்பட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் மேல் மின்னல் இறங்கியது. தெருவில் பல வீடுகளில் டிவி போயிற்று, ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் போயிற்று. சிபியின் வீட்டில் வைஃபை ரவுட்டர் கருகியது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் அவன் எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சிபி பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்த்தான். மனைவி கோதை கல்லூரியில் வேதியியல் நடத்தினாள். ஒரே மகள் வெண்பா முந்தைய வருடம் காய்ச்சலில் இறந்துபோனாள். ஐந்தாம் வகுப்பு. ஊசி போட்டுக்கொண்டு சாயங்காலமே திரும்பிவிடலாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அவள் திரும்பவில்லை.

காரியம் முடிந்த வாரம் சிபி ஒருநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். இருகூர் பக்கம் தண்டவாளத்தின் மேல் நடந்துகொண்டிருந்தவனை ஒரு கேட்கீப்பர் பார்த்து, கையைப் பிடித்து இழுத்துவந்து தன் அறையில் உட்காரவைத்தார். கோதைக்குப் போன் செய்ததும் அவர்தான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே தணிப்பான் வைத்தார்கள்.

அப்போது அது ஊரில் பலருக்கு இருந்தது. காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சிறு வில்லை. அதிலிருந்து கழுத்து நரம்புக்கு ஒரு மெல்லிய கம்பி. மணிக்கட்டில் ஒரு பட்டை. மனசு படும் பாட்டைப் பட்டை அளக்கும். ஹாலில் இருக்கும் பெட்டி அந்த அளவைப் படித்து, எவ்வளவு தணிக்க வேண்டும் என்று வில்லைக்குச் சொல்லும். நோயாளியின் பெயர் காற்றில் போகக்கூடாது என்று சட்டம் இருந்ததால், பெட்டிக்கு வீட்டில் இருப்பவர்களின் பெயர் தெரியாது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒதுக்கிய ஐபி முகவரிதான் தெரியும். முகவரி 31-இல் முடியும் பட்டை கனத்தால், அதாவது துக்கத்தின் அளவு ஏறினால், 21-ஆம் எண் தணிப்பானுக்குச் சொல்ல வேண்டும். 32 கனத்தால் 22-க்கு. 31-ம் 21-ம் சிபியுடையவை. மற்ற இரண்டும் கோதையுடையவை.

அது வந்த பிறகு இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். உறவுக்காரர்கள் வந்து அழுதபோது இவர்கள் காபி போட்டுக் கொடுத்தார்கள். எவ்வளவு தைரியமானவர்கள் என்று சிலர் சொன்னார்கள். சிலர் வேறு மாதிரி சொன்னார்கள். இரண்டும் இவர்கள் காதில் ஒரே மாதிரிதான் விழுந்தது.

ரவுட்டர் இல்லாவிட்டால் பெட்டியின் பேச்சு எங்கும் போகாது. தணிப்பானின் வேலை ஒரு நாள் தாங்கும், மறுநாள் தேயத் தொடங்கும். மின்னல் விழுந்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் சிபிக்கு நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கோதை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். ஞாயிறு காலை கடை திறந்ததும் அவன் காந்திபுரம் போய்ப் புது ரவுட்டர் வாங்கிவந்தான்.

புதியது எல்லாக் கருவிகளுக்கும் 192.168.0 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்தது. பெட்டிக்குப் பழக்கம் 192.168.1. அதனால் அது எதையும் கண்டுபிடிக்க முடியாமல் சிவப்பு விளக்கோடு நின்றது. சிபி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த முகவரியைப் போனில் தட்டி, கடவுச்சொல் போட்டு உள்ளே போனான். 0 இருந்த இடத்தில் 1 என்று மாற்றினான். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தது. பிறகு முகவரி ஒதுக்கும் பக்கத்தைத் திறந்தான். ஒவ்வொரு கருவிக்கும் நீளமாக ஓர் எண் உண்டு. ஆஸ்பத்திரி அட்டையில் அச்சாகியிருக்கும். கோதை பக்கத்தில் உட்கார்ந்து அட்டையைப் பார்த்து வாசித்தாள், அவன் தட்டினான். நான்கு வரிகள். பெட்டியில் பச்சை விளக்கு வந்தது.

அன்று மாலைக்குள் நெஞ்சின் மேல் இருந்த ஆள் எழுந்துபோய்விட்டான்.

அதற்குப் பிந்தைய வாரங்களில் கோதை அழ ஆரம்பித்தாள். முதலில் சமையலறையில், முதுகைக் காட்டிக்கொண்டு. பிறகு ஹாலில், அவன் எதிரிலேயே. வெண்பாவின் யூனிஃபார்மை மடியில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சிபி அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். போய்த் தோளைத் தொட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். போய்த் தொடுவான். கைக்குக் கீழே ஒரு தோள் இருக்கும், அவ்வளவுதான். அவளுடைய தணிப்பான் பழுதாகியிருக்கும் என்று நினைத்தான். ஆஸ்பத்திரியில் சொல்லலாமா என்று கேட்டபோது கோதை வேண்டாம் என்று தலையசைத்தாள். அவனும் விட்டுவிட்டான்.

மார்கழியில் கம்பெனியில் ஒரு விபத்து நடந்தது. சோதனை மேடையில் ஒரு பம்பை முழு அழுத்தத்தில் ஓடவிட்டிருந்தார்கள். உறை வெடித்தது. ஃபிட்டர் தங்கவேலின் கை உள்ளே மாட்டிக்கொண்டது. எல்லோரும் ஓடினார்கள். மிக அருகில் நின்றிருந்த சிபி, அழுத்தமானியில் முள் நின்ற அளவைப் படித்துத் தாளில் குறித்தான். பிறகுதான் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினான். அதற்குள் வேறொருவர் அணைத்துவிட்டார். ஸ்ட்ரெச்சரில் போகும்போது தங்கவேல் தலையைத் திருப்பி இவனையே பார்த்துக்கொண்டு போனார்.

கை பிழைத்தது. ஆனால் அன்று சிபி காரில் உட்கார்ந்து யோசித்தான். பயந்திருக்க வேண்டும், பயம் வரவில்லை. வெட்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் நன்றாக ஓடுவதுபோலத்தான் இருக்கும்; கசிவைத் தடுக்கும் சீல் எரிந்த பிறகுதான் தெரியும். தொழிலில் அவன் நூறு தடவை பார்த்தது. பழுதாகியிருப்பது கோதையுடையது அல்ல, தன்னுடையதோ என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. கோதையிடம் சொல்லாமல் தணிப்பான் கம்பெனிக்குப் போன் செய்தான்.

இரண்டு நாள் கழித்து ரேஷ்மா பானு என்ற பெண் வந்தாள். வீடு வீடாகப் போய்க் கருவிகளைப் பார்க்கும் பொறியாளர். முப்பது வயதிருக்கும். கோதை அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். வந்தவள் யார் என்று தெரிந்ததும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ரேஷ்மா பெட்டியைத் தன் டேப்லெட்டோடு இணைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கருவிகள் நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன என்றாள். ஆனால் சிபிக்குப் போகும் அளவு வாரக்கணக்கில் மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கோதைக்கு அநேகமாக ஒன்றுமே போகவில்லை. ரேஷ்மா ரவுட்டர் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரி அட்டையைக் கேட்டு வாங்கி, வரி வரியாக ஒப்பிட்டாள்.

"சார், தணிப்பான் ரெண்டும் முகவரி மாறிக் கெடக்கு," என்றாள். "இருபத்தொண்ணுல அக்காவோடது இருக்கு. இருபத்திரண்டுல உங்களோடது. பட்டை மட்டும் அவங்கவங்க எடத்துலயே இருக்கு."

சிபிக்கு உடனே விளங்கவில்லை. அவள் விளக்கினாள்.

"அக்கா அழுதா, பெட்டி உங்களைத் தணிக்குது. நீங்க அமைதியா இருக்கறதைப் பாத்துட்டு, அக்காவுக்கு ஒண்ணும் வேண்டாம்னு விட்டுடுது. அதனால அக்கா இன்னும் அழறாங்க. அதனால நீங்க இன்னும்..."

தான்தான் தட்டும்போது மாற்றித் தட்டியிருப்பேன் என்றான் சிபி. ரேஷ்மா ரவுட்டரின் பதிவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சரியாகத்தான் போட்டிருந்தார்கள். மறுநாள் வேறொரு போனிலிருந்து யாரோ மாற்றியிருந்தார்கள்.

"நான்தானுங்க மாத்துனேன்," என்றாள் கோதை.

மழையில் ரவுட்டர் இல்லாத அந்த இரண்டு நாளில் தனக்கு வெண்பாவின் குரல் திரும்ப வந்தது என்றாள். அதற்கு முன்னால் ஒரு வருடமாக மகளின் போட்டோவைப் பார்த்தால், எப்போதோ பாடம் நடத்திய ஒரு மாணவியைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. தனக்கு மட்டும் தணிப்பானை நிறுத்தும்படி அவள் அந்தச் சனிக்கிழமையே ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தாள். உங்கள் கணவர் தண்டவாளத்துக்குப் போனவர், வீட்டில் ஒருவராவது நிதானமாக இருந்தே ஆக வேண்டும் என்று மறுத்துவிட்டார்கள். முகவரியை அழித்தால் வில்லை பதில் சொல்லாது, பெட்டி உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும். மாற்றி எழுதினால் எல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

"என் அழுகை உங்க மேல ஏறும்னு தெரியுமுங்க. நல்லதுன்னுதான் நெனச்சேன். இன்னுங் கொஞ்சம் மரத்துப்போனா, நீங்க எங்கயும் போக மாட்டீங்கன்னு. இப்புடி ஆயிருவீங்கன்னு நெனைக்கல."

சிபி தனக்குள் கோபத்தைத் தேடினான். ஏதாவது இருக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தான். இல்லை. என்ன செய்யட்டும் சார், உங்களுக்கு எது வேண்டும் என்று ரேஷ்மா கேட்டாள். வேண்டும் என்பது எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அதனால் கணக்குப்போட்டு முடிவெடுத்தான். தங்கவேலின் கை, கோதையின் வீங்கிய கண், தன் கைக்குக் கீழே இருந்த தோள். மூன்றையும் வைத்துப் பார்த்தால் விடை ஒன்றுதான் வந்தது.

"என்னுதை நிறுத்திடுங்க," என்றான்.

ரேஷ்மா டாக்டரோடு பேசினாள். டாக்டர் சிபியிடம் வெகுநேரம் கேள்வி கேட்டார். ஒரு வருடம் கடந்துவிட்டதால் நிறுத்தலாம், ஆனால் மனைவியுடையது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்றார். கோதை சரி என்றாள். சிபியின் வில்லையின் முகவரியை ரேஷ்மா அழித்தாள். பட்டையை மட்டும் கழற்ற வேண்டாம், அளவு ஆஸ்பத்திரிக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னாள். கோதை அவளை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். இருவரும் அங்கே நின்று ஏதோ பேசுவதைச் சிபி வாசலிலிருந்து பார்த்தான். அது அவனுக்குக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஆபீஸில் ஒரு பழைய வரைபடத்தைச் சரிபார்க்க மேஜை டிராயரிலிருந்து ஓ-ரிங் ஒன்றை எடுத்தான். பம்பின் மூட்டில் போடும் கறுப்பு ரப்பர் வளையம். விட்டத்தை அளக்க அளவுகோலை வைத்தான். வெண்பா இவற்றைக் கேட்டுக் கேட்டு வாங்கி முழங்கை வரைக்கும் வளையலாக அடுக்கிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்துவதற்காக நர்ஸ் ஒவ்வொன்றாக உருவி அவன் கையில் கொடுத்தாள். அவன் அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அந்தச் சட்டை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அளவுகோல் கீழே விழுந்தது. பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் எழுந்துவந்தார்கள். அவனுக்கு வண்டி ஓட்ட முடியவில்லை. யாரோ ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டார்கள்.

கோதை வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓ-ரிங் கதையைச் சொன்னான். சொல்லி முடிக்க முடியாமல் திரும்பத் திரும்பச் சொன்னான். அவளும் அன்று சாயங்காலம் அவனோடு சேர்ந்து அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நெருக்கமாக அவர்கள் உட்கார்ந்ததில்லை.

ஆனால் மறுநாள் அவன் அழுதபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாள் அவன் தரையில் சுருண்டு கிடந்தான். அவள் வந்து தலைக்குக் கீழே தலையணை வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள், போனை எடுத்து அவன் தங்கைக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். எல்லாம் சரியாகச் செய்தாள். அழுது தீர்த்துவிட்டாள்போல என்று அவன் நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அதை அவனுக்குத் தெரியும். இத்தனை மாதமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த முகம் அது.

ரேஷ்மாவுக்குப் போன் செய்தான். கோதைக்கு ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டான்.

"நான் அக்காவுடையதை எடம் மாத்தல சார். இன்னும் இருபத்தொண்ணுலதான் இருக்கு. உங்க பட்டையைத்தான் கேக்குது. அக்காதான் அப்படியே விடச் சொன்னாங்க."

"நான் அழுதா அவளுக்கு ஏறும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். லிஃப்ட்டுகிட்ட நின்னு சொன்னேன். அக்காவுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. 'நான் வேணுங்கற மட்டும் அழுதுட்டேன், இனி அவர் அழோணும், அவர் அழறப்ப அவரைப் பிடிச்சுக்க ஒருத்தர் கல்லா இருக்கோணுமில்ல'ன்னு அக்கா சொன்னாங்க. நான் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்கணும். என்னால முடியல."

அன்று முழுக்கச் சிபி அழாமல் இருந்து பார்த்தான். மூச்சை எண்ணினான், மொட்டை மாடியில் நடந்தான், பம்ப் உறைகளின் கனத்தை மனசுக்குள் கணக்குப்போட்டான். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த கோதையின் கை நின்றது. திரும்பி அவனைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அவளைத் திரும்பப் பார்த்துவிட்ட அந்தச் சந்தோஷத்திலேயே அவன் உடைந்து அழுதுவிட்டான். மதியத்துக்குள் அவள் மறுபடியும் அந்த மரத்த முகத்துக்குள் போய்விட்டாள்.

இப்படி ஒருவர் வந்தால் மற்றவர் போக வேண்டியிருந்தது.

அவன் ரவுட்டர் பக்கத்தைத் திறந்தான். 21 என்ற எண் இருந்த வரியைத் தொட்டான். அழிக்கவா என்று கேட்டது. விரல் நின்றது. முகவரி அவளுடையது. அவன் கூப்பிட்டான். துணி மடித்துக்கொண்டிருந்தவள் வந்து நின்றாள். தன்னுடையதை நிறுத்தியதுபோல அவளுடையதையும் நிறுத்தப்போவதாகச் சொன்னான். சம்மதமா என்று கேட்டான்.

"எப்புடி இருந்தாலும் சரிங்க," என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும். கேட்கக்கூடிய நிலையில் இருந்தபோது அவள் இரண்டு விஷயங்களைக் கேட்டிருந்தாள். வெண்பாவின் குரல் வேண்டும் என்று கேட்டாள். பிறகு, அவன் அழ வேண்டும் என்று கேட்டாள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று அவளாக நினைத்துக்கொண்டு, முதலாவதை விட்டுக்கொடுத்திருந்தாள். தண்டவாளத்துக்குப் போன ஆளை நம்பி அவள் வேறென்ன செய்வாள். இனி தான் போக மாட்டேன் என்று அவனுக்கே உறுதியாகத் தெரியாது. போனால் இவள் தனியாக இருப்பாள் என்பது மட்டும் இப்போது உறைத்தது. முன்பு அது உறைக்கவில்லை.

அழித்தான். பச்சை விளக்கு சிவப்பானது.

அரை மணியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கருவி பதில் சொல்லவில்லையே என்று ஒரு பெண் கேட்டாள். தானே எடுத்துவிட்டதாகச் சொன்னான். இரண்டு நாள் கழித்துக் கூப்பிடுங்கள், அப்போது இரண்டு பேரும் பேசுகிறோம் என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. விதிமுறை என்று ஏதோ படித்தாள். மேலதிகாரியிடம் சொல்வதாகவும், தினமும் இரண்டு வேளை கூப்பிடுவதாகவும் சொல்லிவிட்டு வைத்தாள். சொன்னபடி கூப்பிட்டாள். இவன் ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பேசினான்.

முதல் நாள் கோதை வழக்கம்போலக் கல்லூரிக்குப் போய்வந்தாள். இரண்டாம் நாள் லீவு போட்டாள், ஏன் என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள். அன்று பிற்பகல் சிபி ஹாலில் இருந்தான். கோதை படுக்கையறையிலிருந்து எழுந்துவந்து அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த வளையம் எல்லாம் எங்கீங்க வெச்சீங்க?" என்று கேட்டாள். "அவ கையில இருந்து உருவுனாங்களே."

தெரியவில்லை என்றான். அந்தச் சட்டையைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன் என்றான்.

"தொலைச்சுட்டீங்களா," என்றாள். அதில் கோபம் இருந்தது. அவன் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். பிறகு அதே கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் அவள் தலைமேல் தலையை வைத்துக்கொண்டான். இருவருடைய பட்டைகளும் கனத்திருக்கும். கேட்பதற்கு எந்த வில்லையும் இல்லை.

போன் அடித்தது. ஆஸ்பத்திரிப் பெண்தான். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். சிபி பதில் சொன்னான். கடைசிக் கேள்வியை அவள் எப்போதும்போலப் படித்தாள்.

"வீட்டுல நிதானமா இருக்கறவங்க யாராவது ஒருத்தர் இருக்காங்களா சார்?"

சிபி கோதையைப் பார்த்தான்.

"இல்லீங்க," என்றான். "ரெண்டு பேருமே அழுதுட்டு இருக்கறோம். யாராச்சும் வர முடிஞ்சா வரச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் நின்றது. பிறகு அந்தப் பெண், யாரையும் அனுப்புவது தன் கையில் இல்லை என்றாள். தன் ஷிஃப்ட் முடியப்போகிறது, வீடு பக்கத்தில் கணபதியில்தான், போகிற வழியில் தானே வருவதாகச் சொல்லி முகவரி கேட்டாள்.